கதண்டும் கரிநாக்கும்

என் அண்ணனைச் சாபம் விட்டுக் கொன்றவள் நான்தான் என்று சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கரிநாக்குக்காரி என்கிறார்கள். சொன்னது பலிக்கிற நாக்காம். அப்படி ஒரு நாக்கு எனக்கு இருந்திருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். கோபக்காரி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் சொன்னது சாபமா, சேதியா என்று கேட்டால் எனக்கே தெளிவாகச் சொல்ல வராது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வெளியூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு வேலை. வாரம் முழுக்க விடுதி. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. என் வேலையெல்லாம் ஒரு புரதத்தோடுதான். மனித உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் சிலவற்றின் மேல் இருக்கிற ஓர் ஏற்பி அது. நாங்கள் ரிசெப்டர் என்றுதான் சொல்வோம். அதை மனிதர் உடம்பிலிருந்து எடுப்பதில்லை. அதற்கான மரபணுவை மட்டும் எடுத்து வளர்ப்புச் செல்களுக்குள் புகுத்தி, அந்தச் செல்களையே செய்யவைத்து, சுத்தம் பண்ணி, உறையவைத்து உலர்த்தி, சுண்டுவிரல் அளவு குப்பியில் அடைத்து அனுப்புவார்கள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. காலிக் குப்பியை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று முதல் தடவை நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்துத் தலைவர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், விழுந்து விழுந்து சிரித்தார். “அடியில ஒட்டியிருக்கு. அவசரப்பட்டுத் திறந்தா பறந்துடும். உன்னை மாதிரி ஆளுக்கு நல்ல வேலைதான்” என்றார்.

குப்பியின் மேல் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஆராய்ச்சிக்கு மட்டும், நோய் கண்டறிவதற்கு அல்ல.

அந்த ஏற்பி செய்கிற வேலை கொடூரமானது. ஒரு பூச்சி கொட்டியதும் சிலர் உடம்பு அந்த விஷத்துக்கென்று ஓர் எதிர்ப்பொருளைச் செய்து ரத்தத்தில் விடும். தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிற செல்கள் இந்த ஏற்பியால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்துக்கிடக்கும். மறுபடி அதே விஷம் உள்ளே வந்தால் போதும், எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும். ரத்த அழுத்தம் விழும். தொண்டை வீங்கி அடைக்கும். பூச்சி கொட்டுவதோடு சரி, ஆளைக் கொல்வது அவன் உடம்பேதான். சொந்த வீட்டிலேயே அடி வாங்கி வளர்ந்தவள் நான். மேடம் இதைப் பாடம் நடத்தியபோது எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

எங்கள் வீட்டில் அடிப்பது முதலில் அப்பாவின் வேலையாக இருந்தது. அவர் செத்த பிறகு அது அண்ணன் கைக்கு வந்தது. கையில் எது கிடைக்கிறதோ அதுதான் ஆயுதம். டிராக்டர் பெல்ட், விறகு, சோற்றுக் கரண்டி. என் இடது கை மோதிர விரல் இன்றைக்கும் நேராக நீளாது. அண்ணி கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் அண்ணனிடம் கன்னத்தில் ஓர் அறை வாங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கு வலது காது கேட்காது. அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே பழமொழி வைத்திருந்தாள்: அடியாத மாடு படியாது. “மாட்டுக்குச் சொன்னதை மருமவளுக்குச் சொல்றியே, வெக்கமா இல்ல?” என்று ஒருமுறை கேட்டேன். அதற்கும் எனக்கு விழுந்தது.

வெளியே அண்ணன் தங்கம். யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக நிற்பான். அதிலும் கதண்டுக் கூடு என்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். கதண்டு என்பது குளவியில் பெரியது. பனைமரத்திலும் பலாமரத்திலும் பானை பானையாகக் கூடு கட்டும். நாலு சேர்ந்து விரட்டினால் மாடே படுத்துவிடும். எங்கள் பக்கம் கூட்டைக் கொளுத்தப் போகும்போது ஒரு முறை உண்டு. ஏற்கெனவே கொட்டு வாங்கியவன்தான் முன்னால் நிற்க வேண்டும். அவன் உடம்பு விஷத்துக்குப் பழகிவிட்டதாம். பழகாதவர்கள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பின்னால் நிற்பார்கள். பழகியவன் சட்டைகூடப் போடாமல் பந்தம் பிடிப்பான். எத்தனை கொட்டு வாங்கியிருக்கிறானோ அத்தனை மரியாதை. எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்கு இது தலைகீழ். கொட்டு வாங்க வாங்க அவர்கள் சாவுக்குக் கிட்டே போகிறார்கள். இதை ஊரில் சொன்னால் யார் கேட்பது? தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் என்பார்கள். இப்படிச் செத்த தாத்தாக்களை யார் எண்ணி வைத்தார்கள்?

மேடமுக்குக் கதண்டு கொட்டியவர்களின் ரத்தம் வேண்டியிருந்தது. எங்கள் ஊரிலும் மலையடிவாரத்திலும் விவரம் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்கி, நான்தான் எடுத்துப் போனேன். பெயர் இல்லை, எண் மட்டும். அண்ணன் பதினேழு. தானாகவே வந்து கையை நீட்டினான்.

“நல்லா எழுதிக்கோ. கதண்டே பயப்புடுற ரத்தம் இது.”

கடைசியாகக் கொட்டியபோது என்ன ஆனது என்று படிவத்தில் ஒரு கேள்வி. “மூணு கொட்டு. ஒடம்பெல்லாம் தடிச்சிப்போச்சி. கண்ணு இருட்டிக்கினு வந்து வுழுந்துட்டேன். வெறும் வயித்துல சரக்கு, அதான்” என்றான்.

உள்ளேயிருந்து அண்ணி, “அன்னிக்கு நீங்க குடிக்கவே இல்லிங்களே” என்றாள். அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். நான் ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினேன். நான் பஸ் ஏறிய பிறகு அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு என்ன கிடைத்தது என்று அம்மா போனில் சொன்னாள், மழை பெய்தது என்று சொல்கிற குரலில்.

ஆய்வகத்தில் அந்த ஏற்பியைத் தட்டின் சிறு குழிகளில் பூசி வைத்து, குழிக்கு ஒருவர் வீதம் ரத்தத்தின் தெளிநீரை விட்டேன். கழுவினேன். அடையாளம் சேர்த்த கதண்டு விஷத்தை விட்டேன். மறுபடி கழுவினேன். கடைசியில் நிறம் காட்டுகிற திரவம். விஷத்தைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் இருக்கிற குழி நீலமாகும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். எத்தனை ஆழமான நிறமோ அத்தனை எதிர்ப்பொருள். பெரும்பாலான குழிகள் தண்ணீராகவே கிடந்தன. பதினேழு மட்டும் நான் அந்த வரிசையை முடிப்பதற்குள் நீலமாகிவிட்டது. நம்பாமல் அந்தத் தெளிநீரை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி போட்டேன். அப்போதும் நிறம் வந்தது.

மேடமிடம் போய்ச் சொன்னேன். “இது ஆராய்ச்சித் தட்டு. இதை வெச்சு யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது” என்றார். படிவத்தை வாங்கிப் படித்தார். “ஆனா இவர் ஏற்கெனவே மயங்கி விழுந்தவர். உனக்கு வேண்டியவரா?”

“அண்ணன்.”

“அப்ப அலர்ஜி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் கூடு பக்கமே போக வேணாம்னு சொல்லு. ஒரே ஒரு கொட்டுகூட ஆபத்தா முடியலாம்னு சொல்லு. பொறுமையா சொல்லு.”

அன்று சாயங்காலம் தட்டுகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமலே விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது. அண்ணியின் காதும் என் விரலும் அந்த நினைப்பில் இருந்தன. பிறகு சீ என்று உதறிவிட்டு, எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் சொல்வது என்று சனிக்கிழமை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். தியாகதுருகம் தாண்டும்போது முழுப் பேச்சும் மனப்பாடமாகிவிட்டது.

வீட்டுத் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. மாடு கட்டை அறுத்துக்கொண்டு மக்காச்சோளத்தில் இறங்கிவிட்டதாம். அதற்கு அண்ணன் அண்ணியின் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் இழுத்துக்கொண்டிருந்தான். மறு கையில் அறுந்த மாட்டுக் கயிறு. கயிறு விழுந்த இடமெல்லாம் ரவிக்கை கிழிந்து முதுகில் ரத்தம் கோடு போட்டிருந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் அடி ஜாஸ்தி என்று அவளுக்குத் தெரியும். கத்தியது நான்தான். ஓடிப்போய்ப் பையாலேயே அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். உள்ளே இருந்த சாப்பாட்டு டப்பா அவன் புருவத்தைக் கிழித்தது. அவன் அண்ணியை விட்டுவிட்டு என்னைப் பிடித்தான்.

“படிச்சிட்டா கை நீட்டுவியா? இன்னாடி கொழுப்பு?”

முதல் அறையில் உதடு பிளந்தது. இரண்டாவதில் தலை டிராக்டர் மட்கார்டில் மோதியது. கீழே விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். தெருவே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தராவது வரவேண்டுமே! எழுந்தேன். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினேன். ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தைகூட அப்போது என்னிடம் இல்லை.

“உன் ரத்தத்துலயே இருக்குடா! கதண்டு கொட்டித்தான் நீ சாவப்போற! ஒரே ஒரு கொட்டு! தொண்ட அடைச்சி, மூச்சு வுட முடியாம, நாக்கு தள்ளி சாவ! நான் பக்கத்துல நின்னு பாப்பேன்!”

தெரு அடங்கிவிட்டது. அண்ணனை நான் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கொட்டு என்பது சரி, தொண்டை அடைக்கும் என்பதும் சரி. மேடம் சொல்லச் சொன்னதில் எதையும் நான் விடவில்லை, பொறுமையைத் தவிர.

மறுநாள் காலையில் போன் வந்தது. அண்ணியின் மாமா வீடு கல்வராயன் மலைமேல், கரியாலூருக்குக் கொஞ்சம் முன்னால். அவர்கள் பலாமரத்தில் கதண்டுக் கூடு. இரண்டு ஆடு செத்துவிட்டது, ஒரு பெரியவர் படுத்த படுக்கை, சாயங்காலத்துக்குள் வந்து கொளுத்தித் தர வேண்டும் என்றார்கள். அண்ணன் வருகிறேன் என்றான். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

“இவ வாய கழுவட்டும். அப்புறம் போ.”

எங்கள் பக்கம் சில வீடுகளில் இது உண்டு. சாபம் விட்டவள் மஞ்சள் தண்ணீரால் மூன்று முறை வாய் கொப்பளித்து, என் வாக்கு தண்ணீரோடு போகட்டும் என்று சொன்னால் அது பலிக்காது.

“அம்மா, அது சாபம் இல்ல. ரத்த டெஸ்ட்” என்றேன். உதடு வீங்கி எனக்கு வார்த்தை குழறியது.

“டெஸ்ட்டுனா டெஸ்ட்டுனு சொல்லணும். தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்தாத கொறையா சொல்லிட்டு, இப்ப இன்னா டெஸ்ட்டு?”

நான் அண்ணனைப் பார்த்துச் சொன்னேன். “உன் ரத்தத்துல அந்த விஷத்துக்கு அலர்ஜி ஜாஸ்தியா இருக்கு. போன தபா நீ வுழுந்தது சரக்கால இல்ல. மேடம் டாக்டர்கிட்ட கூட்டிக்கினு வரச் சொன்னாங்க. இன்னிக்கி ஒரு நாள் போவாத.”

அவன் சிரிக்கவில்லை. நான் ஊசி குத்திய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, “நெஜமாவா?” என்றான். அவன் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் உட்கார்ந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. “அங்க மாமா வூட்டுல உங்கள நம்பிக்கினு ஒக்காந்திருக்காங்க. உங்க ஒடம்பு பழகின ஒடம்பு. பொட்டச்சி பேச்சக் கேட்டு பயந்துட்டாருனு ஊருல பேசமாட்டாங்களா?” என்றாள். பாவம், அவன் போகாமல் இருந்தால் அந்தக் கோபமும் அவள்மேல்தானே இறங்கும் என்று நினைத்தேன்.

அண்ணன் எழுந்துவிட்டான். அம்மா செம்பை என் கையில் திணித்தாள். எனக்கு அலுத்துவிட்டது. போய்த் தொலை என்று தோன்றியது. மூன்று முறை கொப்பளித்துத் துப்பினேன். பிளந்த உதட்டில் மஞ்சள் திகுதிகுவென்று எரிந்தது. “என் வாக்கு தண்ணியோட போவட்டும். பலிக்காது” என்றேன். உண்மையைச் சாபமாகச் சொன்னேன். பிறகு பொய்யைப் பரிகாரமாகச் சொன்னேன். இரண்டையும் செய்தது இதே வாய்தான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அண்ணனும் அண்ணியும் ஏறிய மினி வேனில் நானும் ஏறிக்கொண்டேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் கொளுத்தினார்கள். தவலை அளவு கூடு. மூங்கில் நுனியில் டீசல் துணி சுற்றிய பந்தத்தோடு அண்ணன் வெற்று மார்பாக முன்னால் போனான். சாக்குப் போர்த்திய இரண்டு பேர் பின்னால். நெருப்பு பட்டதும் கூடு குபீரென்று பிடித்தது. எரிகிற கூட்டிலிருந்து கதண்டுகள் நெருப்போடு பறந்து வந்தன. சாக்குக்காரர்கள் இரண்டு பேரும் அலறிக்கொண்டு மண்ணில் புரண்டார்கள். கழுத்திலும் காதிலும் முகத்திலும் அப்படிக் கொட்டு. ஒருவனுக்கு இருபதுக்குக் குறையாது. ஆனால் இருவரும் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அண்ணன் நடந்தே திரும்பி வந்தான்.

“நாலே நாலு” என்று விரலைக் காட்டினான். என்னைப் பார்த்து, “இன்னாடி, எங்க சாவு?” என்று சிரித்தான்.

சிரித்துக்கொண்டே உள்ளங்கையைச் சொறிந்தான். பிறகு தலையை. உதடு தடித்தது. மார்பில் தட்டுத்தட்டாகச் சிவந்து எழும்பியது. தண்ணீர் கேட்டான், கொடுத்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. வாந்தி எடுத்தான். பேச வாயைத் திறந்தால் விசில் மாதிரி காற்றுதான் வந்தது. தன் கழுத்தைத் தானே பிறாண்டிக்கொண்டான், நகத்தில் தோல் வந்தது. மார்பில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டான். பிடிக்கப் போனவனை எட்டி உதைத்தான். அத்தனை பலம், அத்தனையும் ஒரு மூச்சுக்காக. இதையெல்லாம் நான் தாளில் வரி வரியாகப் படித்திருக்கிறேன். ஒரே ஒரு ஊசி மருந்து அப்போது கையில் இருந்திருந்தால் அவன் உயிரைப் பிடித்து வைத்திருக்கலாம் என்பதும் தெரியும். கையில் இல்லை.

வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினோம். தலை என் மடியில், கால் அண்ணி மடியில். என் மணிக்கட்டை அவன் பிடித்த பிடியில் நகம் உள்ளே இறங்கியது. “அண்ணா, மூச்சு வுடு, அண்ணா” என்று கத்திக்கொண்டே வந்தேன். சில வளைவுகள் தாண்டியதும் பிடி தளர்ந்தது. பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்று சொன்னேன் அல்லவா? பார்த்தேன். நெஞ்சு வெடிக்க அழுதேன். இனி வீட்டில் யாரும் அடிக்கமாட்டார்கள் என்ற நிம்மதியும் அதே அழுகையோடு வந்தது. பாவி என்று சொல்லிக்கொள்ளுங்கள், இரண்டும் உண்மை.

பிணத்தை இறக்கியதுமே பெரியம்மா ஓடி வந்து எல்லார் முன்னாலும் என்னை அறைந்தாள். “கரிநாக்கு! பெத்த வவுத்துல நெருப்பு வெச்சிட்டியேடி!” என்று முடியைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அம்மா தடுக்கவில்லை. நான் வாயைச் சரியாகக் கழுவவில்லை, முழுங்கிவிட்டேன் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். சொந்த உடம்பே அவனைக் கொன்றது என்று யாரிடம் விளக்குவது? அங்கே இருந்தவர்களில், ஆய்வகத் தட்டின் குழியில் நிறம் மாறியதைப் பார்த்தவள் நான் ஒருத்தி.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப் போன பிறகு, அண்ணி கொல்லையில் பெரிய பாத்திரங்களைப் போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். கண் வீக்கம் வடிந்திருந்தது. கேட்கிற காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

“நான்தான் ஒழுங்கா சொல்லல அண்ணி. சனிக்கெழமயே பொறுமையா சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. சாபம் மாதிரி சொல்லித் தொலைச்சேன். அதான் ஒருத்தரும் நம்பல.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நான் நம்பினேன் பாப்பா” என்றாள். “நீ வாசல்ல நின்னு சொன்னப்பவே நம்பிட்டேன். அதாலதான் போவச் சொன்னேன்.”

அம்மா உள்ளேயிருந்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த சோற்றுக் குண்டானை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு நானும் தேய்க்க ஆரம்பித்தேன்.